சூப்பர்நேட்டன்ட்டில் பேண்ட் வந்தால் சுரப்பு என்று எழுதிவிடலாமா?

கேள்வி: நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈபெக் என்ற ஈ. கோலை வகையின் மூன்றாம் வகை சுரப்பு அமைப்புதான் (புரதங்களை ஊசிபோல் மனித செல்லுக்குள் செலுத்தும் இயந்திரம்) என் தலைப்பு. ஈ2348/69 ஸ்ட்ரெயினையும், அதிலிருந்து, அந்த அமைப்புக்கு ஆற்றல் தரும் ஏடிபேஸ் என்சைமுக்கான எஸ்க்-என் மரபணுவை நீக்கிய மியூட்டன்ட்டையும் எல்பி மீடியத்தில் இரவு ஷேக்கரில் வளர்த்தேன். மறுநாள் 10 சதவீத சீரம் சேர்த்த டிஎம்இஎம் என்ற செல் வளர்ப்பு மீடியத்தில் நூறில் ஒரு பங்கு ஊற்றி, 180 ஆர்பிஎம்-இல் இரவு முழுக்க மறுபடி ஷேக்கரில் விட்டேன். செல்களை நீக்கிய மேல்திரவமான சூப்பர்நேட்டன்ட்டை டிசிஏ என்ற அமிலம் போட்டு வீழ்படிவாக்கி 12 சதவீத ஜெல்லில் ஓட்டினால், இரண்டு லேனிலும் 66 கிலோடால்டனில் தடித்த பேண்ட். 110-இல் ஒன்று, 60-க்குச் சற்றுக் கீழே ஒன்று, 37-க்கு அருகே மங்கலாக ஒன்று. மியூட்டன்ட்டிலும் அப்படியே. செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய டினா-கே புரதத்துக்கான ஆன்டிபாடியும் இரண்டிலும் பிடிக்கிறது. மியூட்டன்ட் சரியில்லை, புதிதாகச் செய் என்கிறார் கைடு. இன்னொரு சந்தேகம்: நான் ஆராயும் ஒரு புரதம் மாஸ் ஸ்பெக்கில் சூப்பர்நேட்டன்ட்டில் கிடைத்தது. அதற்கு சிக்னல் பெப்டைடு இல்லை என்று சிக்னல்-பி மென்பொருள் சொல்கிறது. அதை மூன்றாம் வகை எஃபெக்டர், அதாவது அந்த அமைப்பு மனித செல்லுக்குள் அனுப்பும் புரதம், என்று எழுதலாமா?

பதில்: மியூட்டன்ட்டை இப்போதைக்குத் தூக்கிப் போட வேண்டாம். அது சரியா தவறா என்று சொல்லும் தகுதி இந்த ஜெல்லுக்கு இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு பேண்டுகளில் ஒன்றுகூட மூன்றாம் வகை சுரப்பு அமைப்பின் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

66-இல் இருப்பது மாட்டு ஆல்புமின். பாக்டீரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 10 சதவீத சீரம் போட்ட மீடியத்தில் மில்லிக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஆல்புமின் இருக்கும். 9 மில்லி எடுத்து டிசிஏ விட்டால் பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி திரிந்திருக்குமே, அது முழுவதும் சீரம்தான். மூன்றாம் வகை அமைப்பு வெளியே விடும், நீங்கள் தேடும் எஸ்ப் புரதங்கள் மைக்ரோகிராம் கணக்கில்தான் வரும். அந்த வெள்ளத்தில் அவை தெரியாது. தெரிந்தாலும் ஆல்புமின் லேனையே அகட்டிவிடுவதால் பக்கத்துப் பேண்டுகள் இடம் மாறித் தெரியும். செல் வளர்ப்பு அறையில் ஏற்கெனவே சீரம் கலந்து வைத்திருக்கும் பாட்டிலை எடுத்து இதற்குப் பயன்படுத்துவதுதான் இந்தச் சோதனையில் புதியவர்கள் முதலில் செய்வது. சுரப்புச் சோதனைக்குச் சீரமே கூடாது.

110-இல் இருப்பது பெரும்பாலும் எஸ்ப்-சி. பெயரில் எஸ்ப் இருந்தாலும் இது மூன்றாம் வகையைச் சேர்ந்தது அல்ல, ஐந்தாம் வகை. ஆட்டோடிரான்ஸ்போர்ட்டர் என்பார்கள். உள்சவ்வை செக் என்ற பொதுவான புரத வழியாகத் தாண்டி, வெளிச்சவ்வில் தன் வால் பகுதியாலேயே வாசல் அமைத்து வெளியேறும். எஸ்க்-என் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வரும், வரவும் வேண்டும். அதன் மரபணு, மூன்றாம் வகை அமைப்பின் மரபணுக்கள் கூட்டாக இருக்கும் லீ தீவுக்கு வெளியே இருந்தாலும், லீ மரபணுக்களை இயக்கும் லெர் என்ற ஒழுங்குபடுத்திதான் அதையும் தூண்டுகிறது. ஆகவே சீரம் இல்லாத ஜெல்லில் இரண்டு லேனிலும் எஸ்ப்-சி சமமாக வந்தால் இரட்டை லாபம்: லெர் வேலை செய்கிறது என்பதும் தெரியும், இரண்டு லேனிலும் ஒரே அளவு ஏற்றியிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். காசு கொடுக்காமல் கிடைக்கும் லோடிங் கண்ட்ரோல் இது. உங்கள் இப்போதைய ஜெல்லில் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. சீரத்திலும் அந்த உயரத்தில் ஓடும் புரதங்கள் உண்டு.

60-க்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஃபிளாஜெல்லின், அதாவது கசையிழைப் புரதம். கசையிழையை வெளியே ஏற்றும் இயந்திரமும் மூன்றாம் வகை அமைப்புக்கு ரத்த சம்பந்தம் உள்ளதுதான். ஆனால் அதற்குத் தனி ஏடிபேஸ் இருக்கிறது, ஃப்ளி-ஐ. எஸ்க்-என் போனாலும் அது நிற்காது. இதற்கும் மேலே, இரவு முழுக்க ஷேக்கரில் சுற்றிய கல்ச்சரில் கசையிழைகள் ஒடிந்து மீடியத்தில் மிதக்கும். ஒடிந்த துண்டுகள் செல்லோடு சேர்ந்து அடியில் இறங்காது.

37-க்கு அருகே இருக்கும் மங்கல் பேண்ட்தான் ஆபத்தானது. எஸ்ப்-பி 37-இல் வரும் என்று படித்திருப்பீர்கள், அதைத்தான் தேடிக்கொண்டும் இருப்பீர்கள். அதே உயரத்தில் ஓம்ப்-சி, ஓம்ப்-எஃப் என்ற வெளிச்சவ்வு போரின்களும் (துளைப் புரதங்களும்) ஓடும், ஓம்ப்-ஏ சற்றுக் கீழே ஓடும். கிராம் நெகட்டிவ் பாக்டீரியா வளரும்போது வெளிச்சவ்விலிருந்து குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அவற்றின் விட்டம் 20 முதல் 250 நானோமீட்டர். 0.22 மைக்ரான் ஃபில்டர் அவற்றில் பெரும்பகுதியைத் தடுக்காது. கல்ச்சர் பழசாகப் பழசாக அவை கூடும். மியூட்டன்ட்டிலும் அதே பேண்ட் அதே அளவில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், இது போரினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய வேண்டுமென்றால் ஃபில்டர் செய்த சூப்பர்நேட்டன்ட்டை 1,50,000 ஜி-யில் 2 மணி நேரம் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். கொப்புளம் அடியில் இறங்கும், கரைந்த புரதம் மேலே நிற்கும்.

சரியாக நடந்த சோதனையில் என்ன தெரிய வேண்டும்? இயல்பான ஸ்ட்ரெயினில் 25-க்கு அருகே எஸ்ப்-ஏ, 37-இல் எஸ்ப்-பி, 40-இல் எஸ்ப்-டி, 110-இல் எஸ்ப்-சி. கூமாசி சாயத்திலேயே இவை பளிச்சென்று தெரியும், வெஸ்டர்ன் வரை போக வேண்டியதில்லை. எஸ்க்-என் மியூட்டன்ட்டில் முதல் மூன்றும் சுத்தமாக இருக்காது, எஸ்ப்-சி மட்டும் இருக்கும். டிர் என்ற எஃபெக்டர் இயல்பான ஸ்ட்ரெயினில் மிகக் குறைவாகத்தான் மீடியத்துக்கு வரும், கூமாசியில் அதைத் தேடி ஏமாற வேண்டாம். வந்தாலும் கணக்குப்படி இருக்க வேண்டிய 57-இல் ஓடாது, 78-க்கு அருகே ஓடும்.

இனி, உங்கள் கல்ச்சரில் எஸ்ப் ஏன் வரவில்லை என்பதற்கு வருவோம். சீரம் மறைத்தது பாதிக் காரணம்தான். மற்ற பாதி நீங்கள் வளர்த்த விதம். ஈபெக் இந்த அமைப்பைக் கண்ட இடத்தில் கட்டாது. சிறுகுடல் மாதிரியான சூழல் வேண்டும்: 37 டிகிரி, நடுநிலைக்கு அருகே பிஹெச், பைகார்பனேட், கால்சியம். எல்பி-யில் இந்தச் சுரப்பு மிகக் குறைவு. அதனால்தான் டிஎம்இஎம் பயன்படுத்துகிறோம். ஆனால் டிஎம்இஎம் என்று லேபிள் ஒட்டிய பாட்டில் எல்லாமே ஒன்றல்ல.

பவுடராக வாங்கிக் கரைக்கிறீர்கள் என்றால் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலான பவுடர்களில் சோடியம் பைகார்பனேட் இருக்காது. லிட்டருக்கு 3.7 கிராம் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மறந்துவிட்டால் பாக்டீரியா நன்றாகவே வளரும், ஓடி (கல்ச்சரின் கலங்கல் அளவு) ஏறும், எஸ்ப் மட்டும் வராது. ஆட்டோகிளேவும் கூடாது, 0.22 ஃபில்டரில்தான் கிருமிநீக்கம். அடுத்தது, பைகார்பனேட் சேர்த்த மீடியத்தை வெறும் ஷேக்கரில் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், பிஹெச் 8-ஐத் தாண்டும். ஃபீனால் ரெட் உங்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்: செங்கல் சிவப்பில் இருந்த மீடியம் ரோஸ் நிறத்துக்குப் போயிருக்கும். பிறகு இரவு முழுக்க வளர விட்டால் எதிர்த்திசைக்குப் போய், குளுக்கோஸ் புளித்து மஞ்சளாகும். இரண்டு நிறமும் கெட்ட சகுனம்தான். அறுவடை செய்யும் நேரத்தில் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு நகரத் தொடங்கியிருக்கலாம், மஞ்சள் ஆகியிருக்கக் கூடாது.

கால்சியம் இல்லாத டிஎம்இஎம் என்றும் ஒரு பாட்டில் கடையில் கிடைக்கும், மலிவு என்று ஆய்வகத்தில் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள். சாதாரண டிஎம்இஎம்-இல் 1.8 மில்லிமோலார் கால்சியம் உண்டு. அதை எடுத்துவிட்டால் எஸ்ப்-ஏ, பி, டி மூன்றும் குறைந்து டிர் போன்ற எஃபெக்டர்கள் கூடிவிடும். ஊசியின் முனை செல்லைத் தொட்டுவிட்டது என்று பாக்டீரியா எண்ணிக்கொள்வதுபோல் ஒரு நிலை அது. வேறொரு கேள்விக்கு அது நல்ல சோதனை. உங்கள் கேள்விக்கு அல்ல.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். மைனஸ் 80-இல் இருக்கும் கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து நேராகத் தட்டில் கோடிட்டு, ஒற்றைக் காலனியை 5 மில்லி எல்பி-யில் 37 டிகிரியில் ஆட்டாமல் இரவு வையுங்கள். மறுநாள் காலை டிஎம்இஎம்-ஐ முன்கூட்டியே 37-க்குச் சூடாக்கி வைத்துக்கொண்டு, ஐம்பதில் ஒரு பங்கு ஊற்றுங்கள்: 20 மில்லிக்கு 400 மைக்ரோலிட்டர். 75 சதுர சென்டிமீட்டர் பிளாஸ்க்கில் மூடியைச் சற்றுத் தளர்த்தி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் அசைக்காமல் 5 முதல் 6 மணி நேரம். செல் வளர்ப்புக்கான இன்குபேட்டரில் இதை வைத்து மற்றவர்களின் சாபத்தைச் சம்பாதிக்க வேண்டாம். பாக்டீரியாவுக்கென்று தனி இன்குபேட்டர் இல்லையென்றால் 25 முதல் 50 மில்லிமோலார் ஹெப்பிஸை பிஹெச் 7.4-இல் சேர்த்து, பாட்டிலை நிறைய நிரப்பி இறுக மூடி, சாதாரண 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். அளவு சற்றுக் குறையும், ஆனாலும் வரும்.

ஓடி 0.8-இலிருந்து 1.0-க்குள் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஓடி பார்க்கும்போது பிளாங்க் ஆகத் தண்ணீர் வைக்காதீர்கள், அதே டிஎம்இஎம்-ஐ வையுங்கள். 0.5-க்கு மேல் போனால் நீர்த்துப் பாருங்கள், பல கருவிகள் அதற்கு மேல் நேர்கோட்டில் படிக்காது. கல்ச்சரை ஐஸில் 10 நிமிடம் வைத்து, 4 டிகிரியில் 6,000 ஜி-யில் 15 நிமிடம் சுற்றுங்கள். நான் ஜி என்று எழுதுவதை ஆர்பிஎம் என்று படித்துவிடாதீர்கள். ரோட்டருக்கு ரோட்டர் இரண்டும் வேறு. மேலே உள்ளதை மட்டும் எடுத்து, அடியில் கொஞ்சம் விட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும் ஆசையில்தான் பெல்லட் கலங்கி, செல்கள் மேலே வந்து, பிறகு டினா-கே வருகிறது என்று கவலைப்படுகிறோம். அடுத்து 0.22 ஃபில்டர். அது பிஇஎஸ் அல்லது பிவிடிஎஃப் வகையில் புரதம் ஒட்டாததாக இருக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் ஃபில்டர் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெஸ்டர்னுக்கு நாம் அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தானே.

இங்கே இரண்டு ஸ்ட்ரெயினையும் சமன் செய்துகொள்ளுங்கள். இயல்பானது ஓடி 0.9, மியூட்டன்ட் 1.1 என்றால் முதலாவதில் 9 மில்லி, இரண்டாவதில் 7.4 மில்லி எடுத்து, குறைவதைப் புது டிஎம்இஎம் விட்டு 9 ஆக்குங்கள். 100 சதவீத டிசிஏ, அதாவது 100 கிராமைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லியாக்கியது, 1 மில்லி சேருங்கள். முடிவில் 10 சதவீதம் வரும். சேர்த்த கணமே ஃபீனால் ரெட் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். ஐஸில் ஒரு மணி நேரம், முடிந்தால் 4 டிகிரியில் இரவு முழுக்க. டிசிஏ தோலை வெந்துபோகச் செய்யும் அமிலம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.

அடுத்து 16,000 ஜி-யில் 30 நிமிடம், 4 டிகிரியில். கூம்பு அடி கொண்ட 15 மில்லி ட்யூப் அந்த வேகத்தைத் தாங்காது, ரோட்டருக்குள்ளேயே விரிசல் விடும். அந்த வேகத்துக்கான ஓக் ரிட்ஜ் ட்யூப் வேண்டும். அதிலும் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது பாலிகார்பனேட், அசிட்டோன் பட்டால் வெடித்து மங்கிப் போகும். பால் நிறத்தில் மங்கலாக இருக்கும் பாலிபுரோப்பிலீன்தான் இதற்கு ஆகும். சீரம் இல்லாததால் பெல்லட் இந்த முறை கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ட்யூபின் வெளிப்பக்கம் எது என்று மார்க்கர் பேனாவால் குறித்து வைத்தால், எங்கே ஒட்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு எதிர்ப்பக்கத்தில் ஊற்றலாம். மைனஸ் 20-இல் குளிர்ந்த அசிட்டோன் 1 மில்லியால் இரண்டு முறை கழுவுங்கள், ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் சுற்றி. பிறகு மூடி திறந்து 5 நிமிடம் காற்றில் காயட்டும். அதற்கு மேல் காய்ந்தால் பெல்லட் எதிலும் கரையாது. எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபர் 45 மைக்ரோலிட்டர் விட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவி எடுங்கள். நீலமாக இருந்த பஃபர் மஞ்சளாக மாறினால் டிசிஏ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். 1 மோலார் டிரிஸ் பேஸை ஒரு மைக்ரோலிட்டர் வீதம் விட்டு நீலத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். மஞ்சளாகவே ஏற்றினால் லேன் கோணலாக ஓடும்.

இப்போது டினா-கே. கைடு கவலைப்பட்டது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன், கவலை நியாயமானதும்கூட. டினா-கே செல்லுக்குள்ளேயே இருக்கும் 70 கிலோடால்டன் புரதம். வெளியே வந்தால் செல் உடைந்திருக்கிறது. ஆனால் "இருக்கிறதா, இல்லையா" என்று கேட்டால் பதில் எப்போதுமே "இருக்கிறது" என்றுதான் வரும். வளரும் எந்தக் கல்ச்சரிலும் சில செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டியது எவ்வளவு என்று.

கணக்கைப் பாருங்கள். ஓடி 1.0 உள்ள சூப்பர்நேட்டன்ட் 9 மில்லியை 45 மைக்ரோலிட்டராக்கி, அதில் 10 ஏற்றுகிறீர்கள். அந்த லேனில் இருப்பது 2 மில்லி கல்ச்சருக்குச் சமம். பக்கத்து லேனில் செல் பெல்லட்: 1 மில்லி கல்ச்சரை 100 மைக்ரோலிட்டரில் கரைத்து 10 ஏற்றினால் அது 0.1 மில்லிக்குச் சமம். அதாவது சூப்பர்நேட்டன்ட் லேனில் 20 மடங்கு அதிகமாக ஏற்றியிருக்கிறீர்கள். நூறில் ஒரு செல் உடைந்திருந்தாலே அந்த லேனில் 0.02 மில்லி கல்ச்சரின் டினா-கே இருக்கும். பக்கத்து லேனின் பேண்டில் ஐந்தில் ஒரு பங்கு. வெஸ்டர்னில் அது கொட்டைகொட்டையாகத் தெரியும், பார்ப்பவர் பயந்துபோவார். உண்மையில் 99 சதவீத செல்கள் முழுசாக இருக்கின்றன.

ஆகவே அளவுகோலை ஜெல்லுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். செல் லைசேட்டை ஐந்தில் ஒன்றாக நீர்த்து இன்னொரு லேனில் 10 மைக்ரோலிட்டர் ஏற்றினால் அதுதான் ஒரு சதவீதக் கோடு. சூப்பர்நேட்டன்ட்டின் டினா-கே அதைவிட மங்கலாக இருந்தால் தைரியமாகப் போகலாம். அதைவிடத் தடித்திருந்தால் கல்ச்சர் முற்றிவிட்டது அல்லது பெல்லட் கலங்கிவிட்டது. நீங்கள் இரவு முழுக்க வளர்த்த கல்ச்சரில் இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

ஆன்டிபாடி தீர்ந்துவிட்டால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் அளவிடலாம், 340 நானோமீட்டரில் என்ஏடிபிஹெச் ஏறுவதைப் பார்த்து. ஃபில்டர் செய்த சூப்பர்நேட்டன்ட்டில், டிசிஏ விடுவதற்கு முன் பார்க்க வேண்டும். பீட்டா காலக்டோசிடேஸ் இதற்கு உதவாது, டிஎம்இஎம்-இன் குளுக்கோஸ் அதை அடக்கிவிடும். இன்னொரு ஓட்டையும் உண்டு: டினா-கே செல் முழுவதுமாக உடைவதைத்தான் காட்டும். வெளிச்சவ்வு மட்டும் ஒழுகி இரு சவ்வுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருப்பவை கசிந்தால் அது மௌனமாக இருக்கும். உங்கள் ஸ்ட்ரெயினில் ஆம்பிசிலின் எதிர்ப்பு பிளாஸ்மிட் இருந்தால், அதன் பீட்டா லாக்டமேஸ் வெளியே வருகிறதா என்று நைட்ரோசெஃபினால் பாருங்கள். மஞ்சள் சிவப்பாக மாறினால் கசிவு.

இவ்வளவு செய்தும் இயல்பான ஸ்ட்ரெயினில் எஸ்ப் மங்கலாகவே வந்தால், பிளாஸ்மிட்டைச் சந்தேகப்படுங்கள். இந்த ஸ்ட்ரெயினில் பிமார்-2 என்ற பெரிய பிளாஸ்மிட் உண்டு. அதில் உள்ள பெர் மரபணுக்கள்தான் லெரைத் தூண்டிவிடுகின்றன. தட்டிலிருந்து தட்டுக்கு மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே போனால் அது நழுவிவிடும். இப்படிப் பிளாஸ்மிட் போன பிள்ளைக்கு ஜேபிஎன்15 என்று தனிப் பெயரே இருக்கிறது. அதே பிளாஸ்மிட்டில் உள்ள பிஎஃப்பி-ஏ மரபணுவுக்கு ஒரு காலனி பிசிஆர் போதும், அரை நாள் வேலை.

மியூட்டன்ட்டைச் சரிபார்க்கவும் பிசிஆர்தான், ஆனால் பிரைமர்கள் நீக்கிய பகுதிக்கு வெளியே இருபுறமும் இருக்க வேண்டும். உள்ளே வைத்த பிரைமரில் பேண்ட் வராமல் போவது சாட்சி ஆகாது, பிசிஆர் சொதப்பினாலும் வராது. எஸ்க்-என் ஒரு நீண்ட ஓபரானின் நடுவே இருப்பதால், அதற்குப் பின்னால் உள்ள மரபணுக்களும் கெட்டிருக்கலாம். அதனால் குறைந்த பிரதி பிளாஸ்மிட்டில் எஸ்க்-என் மட்டும் திருப்பிக் கொடுத்து, எஸ்ப் மூன்றும் திரும்பி வருவதைக் காட்டுங்கள். அதிகப் பிரதி பிளாஸ்மிட்டில் கொடுத்தால் ஏடிபேஸ் மிதமிஞ்சிப் போய் சுரப்பே தடைபடலாம். ஆக ஜெல்லில் மூன்று ஸ்ட்ரெயின்கள்: இயல்பானது, மியூட்டன்ட், திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் சூப்பர்நேட்டன்ட்டும் செல்லும். மியூட்டன்ட்டின் செல் லேனில் எஸ்ப்-பி இருக்கிறதா என்று வெஸ்டர்னில் பார்ப்பது முக்கியம். செல்லுக்குள்ளேயே இல்லாத புரதம் வெளியே வரவில்லை என்று சொல்லி எதையும் நிரூபிக்க முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எழுதக் கூடாது, குறைந்தபட்சம் இப்போது கூடாது.

சிக்னல்-பி தேடுவது செக் வழிக்கான நுழைவுச்சீட்டை. அது இல்லை என்றால் செக் வழியாகப் போகவில்லை என்று மட்டும்தான் பொருள். சிறுநீர்ப் பாதை ஈ. கோலையின் ஹீமோலைசினுக்கும் அது கிடையாது. அது முதல் வகை, அடையாளம் புரதத்தின் வால் முனையில் இருக்கும். ஹெலிகோபேக்டரின் காக்-ஏ நான்காம் வகை, அதற்கும் இல்லை. காலரா கிருமி பக்கத்து பாக்டீரியாவைக் குத்தப் பயன்படுத்தும் ஆறாம் வகையின் எச்சிபி-க்கும் இல்லை. காசநோய்க் கிருமியின் இசாட்-6 ஏழாம் வகை வழியாக வருகிறது, அதற்கும் இல்லை. இந்த இசாட்-6 மரபணு பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இல்லாததால்தான், பிசிஜி போட்டவரையும் உண்மையில் தொற்று உள்ளவரையும் பிரித்தறியும் ரத்தப் பரிசோதனை சாத்தியமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்த செல்லிலிருந்து கொட்டிய சாதாரண சைட்டோபிளாசப் புரதம் எதற்குமே சிக்னல் கிடையாது. மாஸ் ஸ்பெக்கோ வெஸ்டர்னைவிடக் கூர்மையானது. அந்த ஒரு சதவீத உடைசலில் இருந்து நூற்றுக்கணக்கான புரதங்களை அது எடுத்துக் காட்டும். உங்கள் பட்டியலில் ரைபோசோம் புரதங்களும் எலாங்கேஷன் ஃபேக்டர் டியு-வும் உங்கள் புரதத்துக்கு மேலே நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நின்றால் அந்தப் பட்டியலை நம்பி எதுவும் சொல்ல வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு: செக் சிக்னல் இருப்பதாலேயே வெளியே போகாது என்று ஆகிவிடாது. காலரா நச்சு செக் வழியாக இடைவெளிக்கு வந்து, அங்கே மடிந்து, இரண்டாம் வகை அமைப்பு வழியாக வெளியேறுகிறது. கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-இல் அந்த நச்சைக் காட்டியபோது ஜெல்லும் இல்லை, மாஸ் ஸ்பெக்கும் இல்லை. செல் நீக்கிய வடிநீரை முயலின் குடல் கண்ணியில் செலுத்தி, அங்கே திரவம் சேர்வதைக் காட்டினார். வெளியே இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், வெளியே போய் என்ன செய்கிறது என்று காட்டியதால்தான் அந்தச் சோதனை இன்றும் நிற்கிறது.

உங்கள் புரதத்துக்கும் அதுதான் வழி. முதல் படி, மேலே சொன்ன மூன்று ஸ்ட்ரெயின்களிலும் அதற்கு ஒரு டேக் (அடையாளத் துண்டு) வைத்து சூப்பர்நேட்டன்ட்டில் பாருங்கள். டேக் வால் முனையில் வர வேண்டும். மூன்றாம் வகைக்கான அடையாளம் தலைமுனையின் முதல் 20, 30 அமினோ அமிலங்களில் இருக்கிறது, அங்கே டேக் வைத்தால் நீங்களே வாசலை அடைத்துவிடுவீர்கள். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை டேக் ஆக வைப்பதும் வேண்டாம். ஊசியின் உள்விட்டம் 2 முதல் 3 நானோமீட்டர்தான், புரதம் பிரிந்து நூலாகித்தான் போக முடியும். ஜிஎஃப்பி இறுக மடிந்துவிட்டால் ஏடிபேஸால் பிரிக்க முடியாது, குழாய் அடைத்துக்கொள்ளும். சிறிய ஹெச்ஏ அல்லது ஃப்ளாக் டேக் போதும்.

இரண்டாவது படி, விருந்தோம்பிச் செல்லுக்குள் போகிறதா என்பது. இதற்கு டெம்-1 பீட்டா லாக்டமேஸ் இணைப்புதான் இன்று வழக்கம். டெம்-1-இன் சொந்த செக் சிக்னலான முதல் 23 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டு, மீதியை உங்கள் புரதத்தின் வாலில் ஒட்டுங்கள். ஹீலா செல்களில் 90 நிமிடம் தொற்றவைத்துக் கழுவிவிட்டு, சிசிஎஃப்2 சாயத்தை ஏற்றி, 409 நானோமீட்டர் ஒளியில் பாருங்கள். புரதம் உள்ளே போகாத செல் பச்சையாக, 520-இல் ஒளிரும். உள்ளே போயிருந்தால் சாயம் அறுபட்டு 447-இல் நீலமாகும். ஒரே புலத்தில் பச்சைச் செல்லும் நீலச் செல்லும் பக்கம் பக்கமாகத் தெரிவதுதான் இந்தச் சோதனையின் அழகு.

கண்ட்ரோல் இங்கும் எஸ்க்-என் மியூட்டன்ட்தான், கூடவே எஸ்ப்-பி மியூட்டன்ட்டையும் வையுங்கள். எஸ்ப்-பி இல்லாத பாக்டீரியா எஃபெக்டர்களை மீடியத்துக்குள் விடும், ஆனால் செல் சவ்வில் துளை போட முடியாததால் உள்ளே அனுப்ப முடியாது. மீடியத்தில் தெரிந்து, எஸ்ப்-பி மியூட்டன்ட்டில் நீலம் வராமல், இயல்பானதில் மட்டும் நீலம் வந்தால் அதற்கு மேல் யாரும் கேட்க ஒன்றும் இருக்காது. நேர்மறைக் கண்ட்ரோலுக்கு டிர் இணைப்பு, எதிர்மறைக்கு சுரக்கவே சுரக்காத ஒரு வளர்சிதைமாற்ற என்சைமோடு இணைத்தது.

பிளாஸ்மிட் தேர்வில் ஒரு எச்சரிக்கை: ஆம்பிசிலின் மார்க்கர் உள்ளதை எடுக்காதீர்கள். அதில் முழு நீள டெம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, சாயத்தை அதுவும் வெட்டும். குளோராம்பெனிகால் அல்லது கனாமைசின் மார்க்கர் எடுங்கள். ஆனால் உங்கள் எஸ்க்-என் மியூட்டன்ட்டில் மரபணு இருந்த இடத்தில் கனாமைசின் கேசட் இருந்தால், பாக்கியிருப்பது குளோராம்பெனிகால் மட்டும்தான். குளோன் கிடைத்ததும் அதை ஆம்பிசிலின் தட்டில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். சிக்னல் வெட்டிய டெம் சைட்டோபிளாசத்திலேயே கிடப்பதால் அங்கே வளரக் கூடாது. வளர்ந்தால் உங்கள் புரதம் டெம்-ஐ வேறு வழியாக இடைவெளிக்கு இழுத்துப் போகிறது என்று பொருள். அப்போது சிக்னல்-பி சொன்னதையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.